காசு போட்டால்தான் கரவாஜ்ஜோ

ரோமில் கலை வரலாறு படிப்பவர்களுக்கென்றே ஒரு எரிச்சல் இருக்கிறது, தேவாலயங்களில் வைத்திருக்கும் அந்த விளக்குப் பெட்டி. நாணயம் போட்டால் ஓவியத்தின் மேல் விளக்கு எரியும், சில நிமிடத்தில் டக்கென்று அணைந்துவிடும். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், சரி, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் காசு போட்ட அடுத்த நொடியே எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து முன்னால் நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளக்கு அணையும்வரை நகர மாட்டேன் என்றால் நான் எதைப் பார்ப்பது, எதைக் குறிப்பெடுப்பது?

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1600 வாக்கில் முடித்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியம் இங்கே ஒரு தேவாலயத்தில், பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. பீடத்துக்கு மேலே உண்மையான ஜன்னல். ஓவியத்துக்குள்ளும் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது. இதை உணர ஓரமாக, நிதானமாக நிற்க வேண்டும். எங்கே நிற்க விடுகிறார்கள்! இதில், அணைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னொரு காசு போடேன் என்று சைகை வேறு. உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிற மாணவனிடம்! படம் எடுத்தாயிற்றல்லவா, கொஞ்சம் ஒதுங்குங்களேன்.