மேலே குளிருதாம், அதனால் கீழே சூடு பொய்யாம்

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு, சிரிச்சும் ஆச்சு. வானத்தில் உயரே இருக்கும் காற்று குளிர்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, “மேல குளிருதுன்னு அவியளே ஒத்துக்கிடுகாங்க, பெறகு என்ன பூமி சூடாகுது?” என்று அங்கே பேசிய ஒரு அண்ணாச்சி கேட்டார். ஒரே கைதட்டல். நான் எழுந்ததும் தேநீர் இடைவேளை அறிவித்து மைக்கை அணைத்துவிட்டார்கள். சரி, இங்கே சொல்கிறேன்.

மேலே குளிர்வது மறுப்பு இல்லை, அதுதான் சாட்சி. கரியமில வாயு கூடினால் தரை சூடாகும், மீள் அடுக்கு (ஓசோன் இருக்கும் உயரக் காற்று அடுக்கு, ஸ்ட்ராட்டோஸ்பியர்) குளிரும் என்று 1967-லேயே காலநிலை விஞ்ஞானிகள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு செயற்கைக்கோள்கள் அளந்ததும் அதையேதான். மனாபேக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குத் தேநீர் கிடைத்தது, அதுவும் ஆறிப்போய்.

தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை நெரிசலில் ஒரு கூடையைத் தூக்கி எறிந்து பாருங்கள், அடுத்த ஆள் தலையில்தான் விழும். முட்டம் பாறையில் நின்று எறிந்தால் கடலுக்குப் போய்விடும். கீழே காற்று நெருக்கம். ஒரு மூலக்கூறு விடும் வெப்பக்கதிரை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மேலே காற்று மெலிசு. கரியமில வாயு விடும் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடும். அதனால்தான் ஒரே வாயு கீழே சூடாக்குகிறது, மேலே குளிர்விக்கிறது. இதில் ஒத்துக்கொள்வதற்கு என்ன குற்றம் இருக்கு?

வெயிலை உறிஞ்சி மேலே சூடாக்கும் ஓசோன் குறைந்தாலும் குளிருமே என்பீர்கள். ஆமா, மீள் அடுக்கின் கீழ்ப்பகுதியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. “சூரியன்தான் காரணம்” என்பவர்களுக்கு ஒரே கேள்வி: அப்படியானால் மேலேயும் சேர்ந்தல்லவா சூடாகணும்? ஏன் குளிருது?

“அங்கே குளிர்ந்தா எனக்கென்ன?” குளிர்ந்த காற்று சுருங்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று இன்னும் மெலியும். அங்கே சுற்றும் செத்த செயற்கைக்கோளும் உடைசலும் காற்று உரசி வேகம் குறைந்து விழவேண்டியவை. உரசல் குறைந்தால் அதிக காலம் மேலேயே கிடந்து, வேலை செய்யும் செயற்கைக்கோள்களோடு மோதும்.

“ஓ, ஒக்கி புயலும் இதனாலதானா?” என்று ஒருவர் நக்கலாகப் போட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2017 நவம்பர் கடைசியில் எச்சரிக்கை காதில் விழுமுன்னே என் சித்தப்பா படகோடு கடலில் இருந்தார். ஆறாம் நாள் வந்தார், பேச்சில்லாமல். எங்க வீட்டில் யாரும் ஒக்கியை வைத்து நக்கல் அடிப்பதில்லை. உங்க வீட்டில் அடிப்பீர்கள் போல.

விஞ்ஞானியா நீ என்கிறீர்கள். இல்லை, டியூஷன் வாத்தியார். என் முகத்தை வட்டம் போட்டுக் கேலி மீம் செய்த தம்பி, பத்தாம் வகுப்பில் வெப்பம் பாடத்தை என் வீட்டுத் திண்ணையில்தான் படித்தான். அம்மா கொடுத்த அவித்த மரச்சீனியும் தின்றான். தம்பி, என்னோடு வாதாடு, தாராளமா வாதாடு. அந்தப் படத்தை மட்டும் எடுத்துடு. அம்மா பார்த்துட்டாங்க.