அவள் மனம் மாறிய காட்சி எங்கே?

தமிழ்ப் படங்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே, அது உடையையும் குத்துப்பாட்டையும் கேமரா வைக்கப்படும் இடத்தையும் சுற்றியே நின்றுவிடுகிறது. எனக்கு அவற்றைவிட அதிகம் உறுத்துவது திரைக்கதையில் இருக்கும் ஓர் ஓட்டை. தனக்கு விருப்பமில்லை என்று நாயகனின் முகத்துக்கு நேரே சொன்ன பெண், ஒரு பாடல் முடியும்போது அவனைக் காதலித்துக்கொண்டிருக்கிறாள். இடையில் அவள் என்ன யோசித்தாள், எதற்காகத் தயங்கினாள், யாரிடம் மனம்விட்டுப் பேசினாள் என்று எதுவும் நமக்குத் தெரிவதில்லை. அவன் மழையில் நின்றான், அல்லது அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். காதல் வர அதுவே போதும் என்று கதாசிரியர் தீர்மானித்துவிடுகிறார்.

2001இல் வந்த ‘மின்னலே’ எங்கள் தலைமுறைக்கு மிகவும் பிடித்த படம். பாடல்களை இன்றும் கேட்கிறேன். அதில் மாதவன், ரீமா சென்னுக்காகப் பார்த்து வைத்திருக்கும் அமெரிக்க மாப்பிள்ளையின் பெயரில் போய், பொய் சொல்லி அவள் மனதைப் பெறுகிறார். உண்மை தெரிந்ததும் அவள் கொதித்துப்போய் விலகுவது நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் எப்படிக் கரைந்தது என்பதை அவள் பக்கம் நின்று சொல்லப் படத்துக்குப் பொறுமையில்லை. மணமேடை வரை வந்த கதையில், அவள் யாரை மணக்க வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவுக்குக் கொண்டுவருவதும் விட்டுக்கொடுக்கும் அந்த மாப்பிள்ளை அப்பாஸ்தான். ஓர் ஆணின் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவள் போய்ச் சேருகிறாள். ‘சேது’வில் நாயகன் நாயகியைக் கடத்திக்கொண்டு போய்த் தன் காதலைக் கொட்டுகிறான், அவளுக்கும் காதல் வந்துவிடுகிறது. விக்ரமின் நடிப்பில் நாம் உருகிப்போனதால், பயத்தில் உறைந்திருந்த பெண் எப்போது காதலியானாள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

படம்தானே, விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. படம் பார்த்துத்தான் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். அது சோம்பேறித்தனமான வாதம். ஆனால் விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதை 2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் குற்றமாக்கியது. முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதற்குப் பிறகும், 2016இல், நிச்சயமான ஒரு மருத்துவரின் திருமணத்தைக் கலைக்க நர்ஸ் வேடம் போடும் நாயகனை ‘ரெமோ’ கலகலப்பான காதலனாகவே காட்டியது. சட்டம் குற்றமென்று சொல்வதை நம் திரைக்கதைகள் முதல் பாதி என்று அழைக்கின்றன.

பெண்ணின் மன மாற்றத்தைப் படமாக்க முடியாது என்பதும் இல்லை. 1986இல் ‘மௌன ராகம்’ அதைச் செய்தது. அதன் பிளாஷ்பேக்கில் கார்த்திக் துரத்தித் துரத்தித்தான் காதலிக்கிறார், அந்தத் துரத்தலுக்கு இன்றும் கைத்தட்டு விழுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது ரேவதிக்கும் அவள் கணவன் மோகனுக்கும் இடையில் நடப்பதை. விவாகரத்து வேண்டும் என்று அவள் கேட்கிறாள், சட்டப்படி ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பை மணிரத்னம் முழுக்க அவளுக்கே கொடுத்துவிடுகிறார். அங்கேயும் கணவன் தாக்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறான்தான். ஆனால் உடனே டூயட் வந்துவிடுவதில்லை. அவள் கூச்சத்தோடு நெருங்கிப் பார்க்கிறாள், அவன் முகம் கொடுக்காமல் விலகுகிறான், அவளுக்கு ரோஷம் வருகிறது, மறுபடி இறங்கி வருகிறாள். ஒரே வீட்டுக்குள் இருவர் எதிரெதிரே நடந்துபோகும் காட்சிகளிலேயே அவள் மனம் எங்கே நிற்கிறது என்று நமக்குப் புரிகிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நாயகனுக்கு எப்போதும் ஒரு நண்பன் உண்டு. விவேக்கோ சந்தானமோ பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய காதலை அங்குலம் அங்குலமாக அலசி, கிண்டல் செய்து, திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். காதல் தோற்றால் டாஸ்மாக்கில் ஒரு பாட்டும், பெண்களை மொத்தமாகத் திட்டும் உரிமையும் அவனுக்குக் கிடைக்கும். நாயகியின் தோழிக்கு, அவன் வரும்போது முழங்கையால் இடித்துச் சிரிப்பதும், லெட்டரைக் கொண்டுவந்து கொடுப்பதும்தான் வேலை. பெரும்பாலும் அவளுக்குப் பெயர்கூட இருக்காது. ஹாஸ்டல் அறையில் அவர்கள் இருவரும் இரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. அவனை நம்பலாமா, வீட்டில் என்ன சொல்வார்கள், வேலையை விடச் சொல்வானா, கோபம் வந்தால் கை நீட்டுவானா என்று நிஜத்தில் பெண்கள் பேசாத நாளில்லை.

காதல் படம் எடுக்கும் இயக்குநர்கள் அந்தத் தோழிக்கு ஐந்து நிமிடம் கொடுக்கட்டும். இருவரும் உட்கார்ந்து பேசி, இவன் சரிப்பட்டு வர மாட்டான் என்று நாயகி முடிவெடுத்தால், மீதிக் கதையை அந்த முடிவிலிருந்து எழுதட்டும்.