முதலில் எஞ்சினா, தகரமா?

பழைய கார் வாங்கும்போது முதலில் எஞ்சினைப் பாருங்கள் என்கிறது உங்கள் கட்டுரை. சென்னையில் கடலோரம் ராயபுரம், காசிமேடு பக்கம் நின்ற வண்டிக்கு அது சரிப்படாது சார். எஞ்சினை இறக்கி வேலை பார்த்துவிடலாம். உப்புக்காற்று தின்ற தகரத்தை என்ன செய்வது? எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், நம்ம ஊர்த் தயாரிப்புதான். தனி சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பாடி. கீழே குனிந்து சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் நல்லது. ‘மொத்’ என்றால் துரு. கதவின் அடிப்பக்கம் காந்தம் ஒட்டவில்லையா, துருப்பிடித்த இடத்தைப் பட்டி என்கிற பூச்சால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உதிரி சாமான் புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடிக்கலாம், தகர வேலை பார்க்கும் பொறுமையான டிங்கர்தான் கிடைப்பதில்லை. அப்புறம், 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் அந்தப் பதிவை வாங்கினால் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். கட்டுரையில் இதையும் சேர்த்திருக்கலாம்.