போர் விமானத்தைப் பார்த்தோம் என்று அவர்கள் முதலிலேயே சொன்னார்கள்

பறக்கும் தட்டு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு ஸ்டீபன்வில்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்த்துக்குத் தென்மேற்கே, பால் பண்ணைகள் நிறைந்த ஊர். 2008 ஜனவரி 8, அமாவாசை. இருட்டத் தொடங்கிய நேரத்தில் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல பேர் வானத்தில் பளீரென்று விளக்குகளைப் பார்த்தார்கள். சத்தமே இல்லை, அசுர வேகம் என்றார்கள். ஒரு மைல் நீளம் இருக்கும் என்றார் ஒருவர். அவரே விமானம் ஓட்டத் தெரிந்தவர். பார்த்தவர்களில் ஒரு போலீஸ்காரரும் உண்டு. போர் விமானங்கள் அதைத் துரத்திக்கொண்டு போனதையும் பார்த்தோம் என்று சிலர் சொன்னார்கள். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

ஃபோர்ட் வொர்த்தில் அமெரிக்க விமானப்படை ரிசர்வின் 301வது போர் விமானப் பிரிவு இருக்கிறது. நிருபர்கள் கேட்டபோது, அந்த நேரத்தில் எங்கள் விமானம் எதுவும் அங்கே பறக்கவில்லை, பயணிகள் விமானத்தின் வெளிச்சத்தைப் பார்த்திருப்பார்கள் என்று பதில் வந்தது. ஜனவரி 23 அன்று அதே படை வேறொன்று சொன்னது: தவறு நேர்ந்துவிட்டது, அன்று மாலை 6 முதல் 8 மணி வரை 10 எஃப்-16 போர் விமானங்கள், ஸ்டீபன்வில் வட்டாரத்து வானத்தையும் உள்ளடக்கிய பிரவுன்வுட் ராணுவப் பயிற்சி வான்பரப்பில் பறந்தன.

அந்த இரண்டாவது பதிலை நான் நம்புகிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்று எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். இறங்க வரும் விமானம் நேராக நம்மை நோக்கி வந்தால், அதன் முன்விளக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற மாதிரிதான் தெரியும். நிமிடக் கணக்கில் நிற்கும். பிறகு விமானம் திரும்பும், சட்டென்று வெளிச்சம் காணாமல் போகும். நிலா இல்லாத இருட்டில் அது எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்று கண்ணால் அளக்கவே முடியாது. நாலைந்து விளக்குகள் வரிசையாக நகர்ந்தால் நடுவில் இருக்கும் இருட்டையும் சேர்த்து ஒரே உடம்பாக மனசு கட்டிவிடுகிறது. ஒரு மைல் நீளம் அப்படித்தான் வந்திருக்கும். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. விமானம் ஓட்டுகிறவருக்கும் அதே கண்தானே?

ஆனால் ஸ்டீபன்வில்காரர்கள் பலர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. எப்படி ஏற்பார்கள்? ஒன்றிரண்டு இல்லை, 10 போர் விமானம். எது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்பதற்கு எந்தத் தளத்திலும் பதிவு இருக்கும். அதைப் புரட்டிப் பார்த்து ஒரு வரி சொல்ல இரண்டு வாரமா? அதற்குள் தொலைக்காட்சி வண்டிகள் ஊருக்குள் வந்துவிட்டன. பார்த்ததைச் சொன்னவர்கள் ஊர்ச் சிரிப்புக்கு ஆளானார்கள். உண்மை வந்து சேர்ந்தபோது, எதையோ மூடி மறைக்கத்தான் பேச்சை மாற்றுகிறார்கள் என்று மக்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இல்லை என்று சொன்ன வாயே ஆமாம் என்று சொன்னால், இரண்டில் எதை நம்புவது?

முட்டாள்கள், விமானத்தைப் பார்த்து வேற்றுக்கிரகம் என்று பயந்தார்கள் என்று இன்றைக்கும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே பகிர்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. போர் விமானங்கள் பறந்ததை முதலில் சொன்னது அந்த ஊர் ஜனங்கள். அப்படி எதுவும் பறக்கவில்லை என்று சொன்னது விமானப்படை.