அந்தப் படத்துக்கு நான் விருப்பக்குறி போடப் போவதில்லை

மூன்று நாட்களாக எல்லோர் பக்கத்திலும் அந்தப் படம்தான். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் கட்டிலில் சாய்ந்தபடி மடிக்கணினியில் வேலை பார்க்கும் மனிதர், அதைப் படம்பிடித்துப் போட்ட அவருடைய மேலாளர், 'அர்ப்பணிப்பு என்றால் இதுதான்' என்ற வாசகம், கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

அது அர்ப்பணிப்பு அல்ல, பயம். அதே கட்டிலில் வாரத்துக்கு மூன்று முறை படுக்கிறவன் சொல்கிறேன்.

படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது கையில் இரண்டு ஊசிகள் இருக்கும். ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கிறது, இன்னொன்று சுத்தமானதைத் திரும்ப உள்ளே விடுகிறது. நான்கு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. தெரியாமல் அசைத்துவிட்டால் மிஷின் அலறும், டெக்னீஷியன் ஓடி வருவார், கூடவே திட்டும் வரும். அந்த மனிதர் ஒற்றைக் கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை உறிஞ்சும்போது ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். அந்த நிலையில் அவர் அனுப்பிய எக்செல் கோப்பில் எத்தனை பிழைகள் இருந்தன என்பதை மட்டும் மேலாளர் எழுதவில்லை.

'அவர் விரும்பித்தானே செய்தார், உங்களுக்கு என்ன?' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். விரும்பினாராம்! அவர் கணக்கு எனக்குத் தெரியாது, என் கணக்கைச் சொல்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நான் அதைத் தாண்டிவிட்டேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நான் பெரும் பணக்காரன். மிச்சம் இருப்பது நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்பீடு. வேலை போனால் அதுவும் போகும். அது போனால் கைக்காசு போட்டு எத்தனை மாதம் மிஷினில் படுக்க முடியும்? இந்த நிலையில் இருப்பவனிடம் ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாலும் திறப்பான். அதைத்தான் நீங்கள் விருப்பம் என்கிறீர்கள்.

சட்டம் காப்பாற்றுமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. நடுக்கம் தரும் பார்க்கின்சன் இருக்கிறது, ரத்தக் கோளாறான தலசீமியா இருக்கிறது. இருக்கவும் வேண்டும். சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமோ, தொடர்ந்து உடல்நலமில்லை என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று எழுதி வைத்திருந்தது. அதாவது, ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீடும் அந்தச் சட்டத்தில் கிடையாது. எவ்வளவு முன்யோசனை!

'வேலை செய்தால் நோயாளிக்குத் தெம்புதானே?' ஆமாம், மறுக்கவே மாட்டேன். மிஷினில் படுக்காத நாட்களில் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் நான் நானாக இருக்கிறேன். வேலை வேண்டாம் என்று எந்த டயாலிசிஸ்காரன் சொன்னான்? நான் கேட்டது இவ்வளவுதான்: மிஷின் நாட்களில் மதியம் வந்து இரவு வரை இருந்து முடித்துக் கொடுக்கிறேன். 'உங்களுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் சார்' என்றார்கள். எதைக் கேட்பார்கள், சிறுநீரகச் செயலிழப்பையா?

போன தணிக்கை நேரத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 'உங்களுக்கு எதற்கு சார் அலைச்சல்' என்று மிகுந்த அன்போடு என் மேஜையிலிருந்த ஜிஎஸ்டி கோப்புகளை எடுத்து, சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையனிடம் கொடுத்தார்கள். நல்ல பையன், அவன்மீது கோபமில்லை. சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வந்து கேட்டான், நானும் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஊதிய உயர்வு வந்தபோது, 'இந்த ஆண்டு உங்கள் பொறுப்புகள் குறைந்திருக்கின்றனவே' என்றார்கள். பிடுங்கியவர்களே கேட்கிறார்கள்! அன்று எனக்கு வந்த கோபத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை போதவில்லை.

'சின்ன முதலாளி என்ன செய்வார்?' என்றும் கேட்கிறீர்கள். பத்துத் தையல் மிஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுப்பவருக்கு இது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தைப் போட்டவர் பத்து மிஷின்காரர் அல்ல. அவருடைய நிறுவனத்தின் வரவேற்பறை என் வீட்டைவிடப் பெரியதாக இருக்கும். எனவே இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்வதாக இல்லை.

ஆபீஸ்காரர்களையாவது ஒரு வகையில் மன்னிக்கலாம், அவர்கள் கண்ணுக்கு லாப நஷ்டம்தான் தெரியும். சொந்தக்காரர்களை என்ன செய்வது? 'ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே மாப்பிள்ளை, அதற்கு என்ன களைப்பு' என்கிறார் என் மனைவியின் சித்தப்பா. மிஷினிலிருந்து இறங்கிய அன்று எனக்கு மாடிப்படி ஏறுவதே மலையேற்றம் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு நாளைக்குக் காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்குள் நிறுத்த வேண்டும் என்றால், 'தண்ணீர் குடிக்காமல்தான் உனக்குக் கிட்னியே போயிற்று' என்று சபை நடுவே தீர்ப்பு வேறு சொல்கிறார். எனக்குப் போனது சர்க்கரையால்.

போகிறபோது வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார். எனக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் ஐயா, இளநீரே ஆகாது. இந்தப் பதிவின் கீழே சாறு, கஷாயம், மூலிகைப் பொடி விற்பவரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு வருபவர்கள் யாராக இருந்தாலும், உறவினர் உட்பட, நட்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள்.