கேக் வெட்டியாச்சு, இன்ஷூரன்ஸை யார் பார்ப்பது?

டெக்சஸில் ஒரு சின்ன ஊரின் நகர அலுவலகத்தில் பேரோல் பார்க்கிறேன். தண்ணீர் பில் வாங்குபவர், குப்பை லாரி ஓட்டுபவர், நூலகர், போலீஸ் என்று எல்லாருக்கும் சம்பளம் போடுவது நாங்கள் மூன்று பேர். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் போலீஸ்காரர் ஒருவருக்கு நேஷனல் கார்டு என்ற பகுதிநேர ராணுவத்திலிருந்து ஆர்டர் வந்தது. குவைத், ஒன்பது மாதம். குவைத் என்றதும் எனக்கு டிரைவர் வேலைக்குப் போன எங்கள் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. இவர் போவது வேறு வேலைக்கு.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் கேக் வெட்டினோம். கொடி வரைந்த கேக். நீல க்ரீம் எல்லார் பல்லிலும் ஒட்டிக்கொண்டது. மேயர் பேசினார், சீஃப் பேசினார். "வீட்டைப் பற்றிக் கவலையில்லாமல் போய்விட்டு வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். நானும் கைதட்டினேன்.

ஏழு வாரம் கழித்து ஒரு மதியம் அவர் மனைவி போன் செய்தார். மருந்துக்கடை கவுண்டரில் நின்றுகொண்டு பேசுகிறார், பின்னால் பையன் இருமுகிற சத்தம் கேட்கிறது. "மேம், நாங்கள் இன்ஷூரன்ஸிலேயே இல்லை என்கிறார்கள்." இந்த ஊர்க்காரர்கள் கோபத்திலும் அந்த 'மேம்' சொல்ல மறக்க மாட்டார்கள். பையனுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வாங்க வந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். முப்பது நாளுக்கு மேல் ராணுவப் பணி என்றால் குடும்பத்துக்கு டிரைகேர் என்ற ராணுவ இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் பையனைப் பார்க்கிற டாக்டர் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் நகர அலுவலக இன்ஷூரன்ஸையே தொடர வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். சட்டம் அதற்கு 24 மாதம் வரை இடம் கொடுக்கிறது. சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரீமியம் அதிலிருந்து பிடித்தமாகிவிடும். சம்பளம் நின்றால் மாதாமாதம் செக் அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை எங்கள் அலுவலகம் ஒழுங்காக அனுப்பியது. எங்கே? அவருடைய ஆபீஸ் மின்னஞ்சலுக்கு. நீண்ட விடுப்பில் போகிறவர்களின் கணக்கைப் பூட்டி வைப்பது கம்ப்யூட்டர் பிரிவின் விதி, அவர் கிளம்பிய அன்றே பூட்டிவிட்டார்கள். பூட்டிய பெட்டிக்குள் படிவம் கிடந்தது, கெடு தாண்டியது, நான்கு பேரின் பெயரும் தானாகவே நீங்கிவிட்டது.

யாரும் தப்பு செய்யவில்லை. அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்ததால் வந்த வினை. சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. அதற்குள் அந்தப் பெண் கிரெடிட் கார்டில் இன்ஹேலர் வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்துதான், ராணுவத்துக்குப் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் 'ஆதரவு' என்ற வார்த்தை எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

நம் ஊர் நண்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நமக்குப் போலீஸ் வேறு, ராணுவம் வேறு. இங்கே நேஷனல் கார்டு, ரிசர்வ் என்று பகுதிநேர ராணுவம் இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரக் கடைசி, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் ஆசிரியர், மெக்கானிக், நர்ஸ். போலீஸ்காரர்களும் நிறையவே உண்டு. சீருடை, துப்பாக்கி, மேலதிகாரி எல்லாம் பழகின ஆட்கள், இரண்டுக்கும் பொருந்திப் போகிறார்கள். சாதாரண நாளில் இது பிரச்சினையே இல்லை. 2001 செப்டம்பருக்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் இவர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்தபோதுதான், அவர்கள் விட்டுப்போன நாற்காலி என்னாகும் என்ற கேள்வி ஊர் ஊராக எழுந்தது.

அதற்கான சட்டம் 1994-லேயே இருந்தது. யூசெர்ரா என்று சொல்வார்கள். வேலைக்கு வைத்தவர் பெரியவரானாலும் சிறியவரானாலும், திரும்பி வருபவருக்கு வேலையைத் திருப்பித் தர வேண்டும். அதுவும் விட்ட படியில் நிறுத்தக்கூடாது, போகாமலே இருந்திருந்தால் இந்நேரம் எந்தப் படிக்கு வந்திருப்பாரோ அங்கே நிறுத்த வேண்டும். இதற்கு 'எஸ்கலேட்டர் கொள்கை' என்று பெயர், 1946-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்தது. சார்ஜென்ட் பரீட்சையைத் தவறவிட்டிருந்தால், வந்து கொஞ்சம் ஆசுவாசப்பட்டபின் தனியாகப் பரீட்சை வைத்து, தேறினால் பழைய தேதியிலிருந்து பதவி உயர்வு தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் போயிருக்கும் காலத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அவர் இடத்தில் யார் ரோந்து போவது என்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் உள்ளூர்ப் போலீஸ் துறைகளில் ஏறக்குறைய பாதியில் முழுநேர அதிகாரிகள் பத்துப் பேருக்கும் குறைவு. எங்கள் ஊரில் இருபத்து நான்கு. ஒருவர் போனால் மிச்சமிருப்பவர்களின் தூக்கத்திலிருந்துதான் அவருடைய ஷிப்டை எடுக்க வேண்டும். புதிதாக ஒருவரைப் பிடித்துப் போடவும் முடியாது. அகாடமியில் பல மாதம், அதன்பின் மூத்தவர் ஒருவரோடு வண்டியில் பல வாரம் முடித்துத் தனியாக அனுப்புவதற்குள் போனவரே திரும்பி வந்துவிடுவார். ஆகவே ஓவர்டைம். அந்த ஒன்பது மாதமும் ஓவர்டைம் தாள்களில் கையெழுத்துகள் கோணலாகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். கேக் வெட்டிய அறையில், நான்காவது மாதம், ஒரு இளம் அதிகாரி "போனவனுக்கென்ன, ஹீரோ" என்று முணுமுணுத்தார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். மகளின் பிறந்தநாளை இரண்டாம் முறையாகத் தவறவிட்டவர் அவர்.

இந்த எரிச்சலைத்தான் திரும்பி வருபவர் சந்திக்கிறார். இதைத் தணிப்பது நகர சபையின் வேலை. பட்ஜெட்டில் ஓவர்டைமுக்கு முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கு, பக்கத்து ஊரோடும் கவுன்ட்டி ஷெரிஃபோடும் பேசி சில ஷிப்டைப் பகிர்ந்துகொள். ஆர்டர் பெரும்பாலும் சில மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் பட்ஜெட் கூட்டத்தில் இதைப் பேச ஆளில்லை, கேக்குக்கு மட்டும் கூட்டம் வருகிறது.

இன்னொன்று, பேரோல்காரி என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெக்சஸில் அரசு ஊழியருக்கு ஒரு நிதியாண்டில் 15 வேலைநாள் ராணுவ விடுப்பு, சம்பளத்தோடு. எங்கள் மென்பொருளுக்கு ஒரு நாள் என்றால் எட்டு மணி நேரம். போலீஸ்காரருக்கு ஒரு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். 15 நாளை அது 120 மணி என்று கணக்குப் போட்டது. வர வேண்டியது 180. அறுபது மணி நேரச் சம்பளம், கேட்பாரில்லாமல் போகப் பார்த்தது. அவர் மனைவிதான் சமையல் மேஜையில் காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார். கணக்கு என் தொழில், கண்டுபிடித்தது அவர். வெட்கமாகத்தான் இருந்தது.

பெரிய அளவில் தப்பு நடந்தால் என்னாகும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே வழக்கு இருக்கிறது. லெ ராய் டோரெஸ், டெக்சஸ் மாநிலப் போலீஸ்காரர், ராணுவ ரிசர்வில் இருந்தவர். 2007-ல் இராக்குக்கு அழைக்கப்பட்டார். அங்கே முகாம் குப்பையைத் திறந்தவெளிக் குழிகளில் போட்டுக் கொளுத்துவார்கள். அந்தப் புகையில் நுரையீரல் போயிற்று. திரும்பி வந்து, ரோந்துப் பணி என்னால் முடியாது, வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டார். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவர் கேட்டபடி கிடைக்கவில்லை, ராஜினாமா செய்துவிட்டு வழக்குப் போட்டார். 'எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள்மேல் வழக்கே போட முடியாது' என்று மாநிலம் வாதாடியது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வழக்குப் போடலாம் என்றது. எண்ணிப் பாருங்கள், போருக்குப் போனது 2007. வழக்குப் போடலாமா கூடாதா என்று முடிவாகவே பதினைந்து வருடம்.

இதையெல்லாம் எழுதினால், "அந்தப் போரே தப்பு, அதற்குப் போனவருக்கு என்ன சலுகை" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. போர்கள் பற்றி எனக்கும் கருத்து இருக்கிறது, அதை ஓட்டுப் பெட்டியில் காட்டுகிறேன். ஒரு பையனின் இன்ஹேலரில் காட்ட மாட்டேன்.

எங்கள் ஆள் நல்லபடியாகத் திரும்பினார். 180 நாளுக்கு மேல் போனவர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் 90 நாள் வரை அவகாசம் தருகிறது. அவரோ மூன்றாவது வாரமே வந்து நின்றார், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லையாம். ஆள் பற்றாக்குறையில் சீஃப் அன்றே வண்டிச் சாவியைக் கொடுத்திருப்பார். ஒரு லெப்டினன்ட் தடுத்தார். அவரே இராக் போய் வந்தவர். அங்கே குண்டுக்குப் பயந்து நடுரோட்டில் ஓட்டிப் பழகி, ஊருக்கு வந்தபிறகும் பாலத்தின் அடியில் போகும்போதெல்லாம் தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததாகச் சொன்னார். "இரண்டு வாரம் யாராவது ஓட்டட்டும், இவன் பக்கத்து சீட்டில் உட்காரட்டும்." திரும்பி வருபவரை வெடிக்கப்போகிற குண்டு மாதிரிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி மறுநாளே ஷிப்டில் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். லெப்டினன்ட் செய்ததுதான் எனக்குச் சரியாகப் பட்டது. அந்த இரண்டு வார ஓவர்டைமுக்கு நான் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் இன்னொரு அதிகாரிக்கு ஆர்டர் வந்திருக்கிறது, இந்த முறை ஒரு பெண். கேக்குக்கு வசூல் ஆரம்பித்துவிட்டது, நானும் பத்து டாலர் போட்டேன். அப்புறம் அவரை என் மேஜைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்: "உங்கள் கணவரின் சொந்த மின்னஞ்சல் என்ன? எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்."