பதிவு செய்யாவிட்டாலும் கதை உங்களுடையதுதான்

பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் கதை போட்டால் அதன் மீது நமக்கு உரிமை இருக்காது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் சட்டம் அப்படி இல்லை. கும்பகோணம் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், குறுவை நடவை வைத்து எழுதிய அருமையான கதையை இந்தப் பயத்திலேயே நாலு பேரிடம் காட்டாமல் நோட்டில் வைத்திருக்கிறார். வருத்தமாக இருக்கிறது.

சொந்தக் கதையை எழுதியதுமே பதிப்புரிமை தானாக வந்துவிடும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை; வழக்கு என்று வந்தால் பதிவு முதல்நிலைச் சான்றாக (எதிர்த்தரப்பு தவறென்று காட்டாத வரை ஏற்கப்படும் சான்றாக) உதவும், சரி. மத்திய பதிப்புரிமை அலுவலக இணையதளத்தின் கேள்வி-பதில் பகுதியிலேயே இது இருக்கிறது. சட்டத்தின் 48-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.